வாதுமை மரத்தடி மாருதி: பழைய காரை வீட்டிலேயே பளிச்சென்று மீட்க முழு வழிகாட்டி

திருவொற்றியூரில் ஒரு வீட்டு வாசலில், வாதுமை மரத்தடியில், ஐந்து வருடமாக நின்றிருந்த 2004 மாடல் மாருதி 800 அது. ஆர்.சி.யில் நிறம் வெள்ளை. நேரில் பார்த்தால் பழுப்பு. பானெட்டை விரலால் தேய்த்தால் சுண்ணாம்புச் சுவரைத் தொட்ட மாதிரி விரலெல்லாம் வெள்ளை. வைப்பருக்குக் கீழே இருக்கும் பள்ளத்தில் மக்கிய இலை ஒரு சாண் உயரத்துக்கு. 32,000 ரூபாய்க்கு வாங்கினேன். இன்ஜின், பிரேக் வேலையெல்லாம் மெக்கானிக் பார்த்தார், அது தனிக்கணக்கு. வெளித்தோற்றத்தையும் உள்ளலங்காரத்தையும் நானே வீட்டு வாசலில் செய்தேன். நாலு மாதத்து ஞாயிற்றுக்கிழமைகள் ஆயின. பொருட்களுக்கு ஆன செலவு 14,000 ரூபாய்க்குள் முடிந்தது.

அந்த நாலு மாதத்தில் நான் உறுதியாகத் தெரிந்துகொண்டது ஒன்று. பழைய கார் என்றதும் எல்லோரும் முதலில் கேட்பது "முழு பெயின்ட் எவ்வளவு ஆகும்?" என்பதுதான். பெயின்ட் கடைசி மருந்து. ஒழுங்காகக் கழுவி, அழுக்கை எடுத்து, காம்பவுண்ட் (மங்கிய மேல்படலத்தைத் தேய்த்து எடுக்கும் பசை) போட்டுப் பார்த்த பிறகுதான் எந்த இடத்துக்குப் பெயின்ட் வேண்டும் என்றே தெரியும். என் வண்டியில் பெயின்ட் தேவைப்பட்டது மூன்றே இடத்துக்கு. மீதி எல்லாம் கம்பெனி பெயின்ட்தான், இருபது வருடம் ஆன பிறகும் அது அழுக்குக்கு அடியில் உயிரோடு இருந்தது.

மாருதி 800-ஐ வைத்தே சொல்கிறேன். 1983 டிசம்பரில் வந்து 2014 ஜனவரியில் தயாரிப்பு நின்ற வண்டி. 25 லட்சத்துக்கும் மேல் விற்றது. அதனால் சென்னையில் புதுப்பேட்டையில் பழைய பாகமும், ஜி.பி. ரோட்டில் புது ரப்பர் பீடிங், மேட், லைட் வகையறாவும் இன்னும் கிடைக்கின்றன. முன் ஃபெண்டர் (முன் சக்கரத்தை மூடும் பக்கத் தகடு) போல்ட்டில்தான் நிற்கிறது, கழற்றி மாட்டலாம். கற்றுக்கொள்ள இதைவிட நல்ல வண்டி இல்லை. சான்ட்ரோ, ஜென், இண்டிகா எதுவானாலும் முறை இதேதான்.

வாங்கும் முன்: காந்தம், ஸ்க்ரூடிரைவர், டார்ச்

மங்கிய பெயின்டைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். பயப்பட வேண்டியது துருவுக்கு. ஃப்ரிட்ஜில் ஒட்டும் சின்னக் காந்தம் ஒன்றைத் துணியில் சுற்றி எடுத்துக்கொண்டு போங்கள். கதவின் அடிப்பகுதி, வீல் ஆர்ச் (சக்கரத்துக்கு மேல் உள்ள வளைவு), ரன்னிங் போர்டு (கதவுக்குக் கீழே ஓடும் நீளத் தகடு) மூன்றிலும் ஓட்டிப் பாருங்கள். காந்தம் பிடிக்காமல் வழுக்கினால் அங்கே தகட்டின் மேல் தடிமனாகப் பட்டி (ஒடுக்கை நிரப்பும் பசை) இருக்கிறது, அல்லது தகடே இல்லை.

அடுத்து மேட்டைத் தூக்கி, கார்பெட்டுக்கு அடியில் கையை விடுங்கள். ஈரமா? கால் வைக்கும் தகட்டை ஸ்க்ரூடிரைவர் பின்பக்கத்தால் தட்டுங்கள். 'டங்' என்றால் இரும்பு. 'பொத்' என்றால் துரு. டிக்கியில் ஸ்டெப்னி இருக்கும் பள்ளம், பேட்டரி உட்காரும் தட்டு, முன் கண்ணாடி ரப்பரின் கீழ் மூலைகள் ஆகியவையும் 800-ல் முதலில் போகும் இடங்கள். முன் ஷாக் அப்சார்பர் மேலே பொருந்தும் இடத்திலோ ரன்னிங் போர்டிலோ ஓட்டை விழுந்திருந்தால் அது வண்டியின் எலும்பு. அதை வீட்டில் அழகுபடுத்த முடியாது, பட்டி வைத்து மூடவும் கூடாது. வெல்டிங் வேலை. விலையைக் குறைத்துக் கேளுங்கள், இல்லை விட்டுவிடுங்கள்.

சென்னை வண்டியானால் வெள்ளத்தில் நின்றதா என்று பாருங்கள். 2015 டிசம்பரிலும் 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலிலும் மூழ்கிய வண்டிகள் ஏராளம். சீட் பெல்ட்டைக் கடைசிவரை இழுங்கள். வெளியே தெரியும் பகுதியைக் கழுவியிருப்பார்கள், சுருளுக்குள் இருக்கும் பகுதியைக் கழுவ மாட்டார்கள். அங்கே சேற்றுக்கோடு இருந்தால் தண்ணீர் எதுவரை ஏறியது என்பதை அந்தக் கோடே சொல்லிவிடும்.

பேப்பர் விஷயம் சுருக்கமாக. 15 வருடம் முடிந்த காருக்கு எஃப்.சி. (வண்டி ஓடத் தகுதி என்ற சான்று) காட்டி ஆர்.சி.யை ஐந்து வருடத்துக்குப் புதுப்பிக்க வேண்டும். அந்தக் கட்டணம் 2022 ஏப்ரலில் 600 ரூபாயிலிருந்து 5,000 ஆனது. 20 வருடம் தாண்டிய காருக்கு 2025 ஆகஸ்டில் 10,000 ஆக்கினார்கள். வாங்கும் விலையோடு இதையும் சேர்த்தே பாருங்கள். நிறத்தை மாற்றும் எண்ணம் இருந்தால் ஆர்.டி.ஓ.வில் சொல்லி ஆர்.சி.யிலும் மாற்ற வேண்டும். இருக்கும் நிறத்தையே மீட்பது எல்லா வகையிலும் நல்லது.

எப்போது, எங்கே

பொங்கல் முடிந்து ஆரம்பித்து, கத்திரி வெயிலுக்கு முன் முடித்துவிடுங்கள். மழைக்காலத்தில் பெயின்ட் வேலை கூடவே கூடாது, காரணம் பிறகு சொல்கிறேன். நிழல் வேண்டும். ஷெட் இல்லாதவர்கள் காலை ஆறரையிலிருந்து ஒன்பதரைக்குள் வெளி வேலையை முடித்துவிட்டு, வெயில் ஏறியதும் உள் வேலைக்கு மாறலாம். தகடு சுடும்போது ஷாம்பு, காம்பவுண்ட், பெயின்ட் எது போட்டாலும் காய்ந்து திட்டாகிவிடும்.

வாங்கி வைக்க வேண்டியவை: கார் ஷாம்பு, இரண்டு பக்கெட், பத்துப் பன்னிரண்டு மைக்ரோஃபைபர் துணி, கிளே பார் (பெயின்டில் ஒட்டிய தூசியை எடுக்கும் களிமண் மாதிரியான கட்டி), ரப்பிங் காம்பவுண்ட், அதைவிட மென்மையான பாலிஷ், வாக்ஸ், மாஸ்கிங் டேப். துரு, பட்டி வேலைக்கு 80, 180, 320, 600, 1000, 2000 நம்பர் பேப்பர்கள் (உப்புத்தாள்), தேய்க்கும் ரப்பர் கட்டை, டிரில்லில் மாட்டும் கம்பி பிரஷ், ரஸ்ட் கன்வர்ட்டர் (மிச்சத் துருவைக் கறுப்புப் படலமாக்கும் திரவம்), எபாக்ஸி ப்ரைமர் (இரும்பின் மேல் போடும் அடிப்பூச்சு), பட்டி. கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடியும் கையுறையும் கட்டாயம். சாதாரணத் துணி மாஸ்க் தூசிக்கே போதாது, தின்னர் ஆவிக்கு அறவே பயனில்லை. ஸ்ப்ரே அடிக்கும்போது கரி ஃபில்டர் வைத்த கார்ட்ரிட்ஜ் மாஸ்க் வேண்டும். இதில் மட்டும் காசு பார்க்காதீர்கள்.

முதல் படி: உள்ளே இருக்கிற எல்லாவற்றையும் வெளியே எடுங்கள்

ஏன் வெளியே கழுவாமல் உள்ளே ஆரம்பிக்கச் சொல்கிறேன் என்றால், துரு பெரும்பாலும் உள்ளிருந்துதான் தொடங்குகிறது. அதைப் பார்க்காமல் வெளியே பளபளப்பாக்கிவிட்டால் மறுபடி கை வைக்க வேண்டி வரும்.

பேட்டரியின் நெகட்டிவ் கம்பியைக் கழற்றுங்கள். சீட் போல்ட்களில் முதல் நாள் இரவே டபிள்யூ.டி.40 (இறுகிய போல்ட்டை இளக்கும் ஸ்ப்ரே) அடித்து ஊறவிடுங்கள். 800-ல் ஏர்பேக் கிடையாது. ஏர்பேக் உள்ள வண்டியானால் சீட்டுக்கு அடியில் இருக்கும் மஞ்சள் கனெக்டரில் கை வைக்காதீர்கள். கழற்றுகிற ஒவ்வொரு போல்ட்டையும் தனித்தனிக் கவரில் போட்டு, மேலே எங்கே இருந்தது என்று எழுதி வையுங்கள். கழற்றும் முன் போனில் ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள்.

என் வண்டியில் டிரைவர் பக்கக் கார்பெட்டைத் தூக்கியபோது அது ஊறவைத்த அவல் மாதிரி கனத்தது. அடியில் இருந்த பஞ்சைப் பிழிந்தால் கறுப்புத் தண்ணீர். ஐந்து வருடத்து மழை. வழி எது என்று தேடினால், வைப்பர் பள்ளத்தில் இலை அடைத்து, வடிய வேண்டிய தண்ணீர் வண்டிக்குள்ளே இறங்கியிருக்கிறது. தகட்டில் துரு மேலாகத்தான் இருந்தது, அது என் அதிர்ஷ்டம். இன்னும் இரண்டு மழை போயிருந்தால் வெல்டிங்குக்குத்தான் போயிருக்கும்.

பஞ்சை வெயிலில் மூன்று நாள் காயவிடுங்கள். நாற்றம் போகவில்லையென்றால் தூக்கிப்போட்டு புதுசு வாங்குங்கள். எலி குடியிருந்த வண்டியென்றால் யோசிக்கவே வேண்டாம், புதுசுதான். கார்பெட்டை மாடிக்குக் கொண்டுபோய் துணி துவைக்கும் பவுடர் போட்டு பிரஷ்ஷால் தேய்த்து, தண்ணீர் தெளிவாக வரும்வரை அலசித் தலைகீழாகத் தொங்கவிடுங்கள். சீட்டில் சமையல் சோடா தூவி ஒரு இரவு விட்டு, காலையில் வேக்யூம் போட்டால் பழைய வாடையில் பெரும்பகுதி போய்விடும். துணி சீட்டைத் தண்ணீரில் குளிப்பாட்டாதீர்கள், உள்ளே ஸ்பாஞ்ச் காய வாரம் ஆகும். ரூஃப் லைனிங்கை ஈரத்துணியால் ஒற்றி எடுத்தால் போதும். அழுத்தித் தேய்த்தால் பசை விட்டுத் தொங்கிவிடும்.

டாஷ்போர்டுக்கு ஷாம்பு கலந்த தண்ணீரும் மெல்லிய பிரஷ்ஷும் போதும். ஏ.சி. ஓட்டைகளுக்குப் பழைய பல்துலக்கும் பிரஷ். எண்ணெய் மாதிரி மினுங்கும் டாஷ்போர்டு பாலிஷ் எனக்குப் பிடிக்காது. வெயிலில் அது முன் கண்ணாடியில் பிரதிபலித்துக் கண்ணைக் கூசவைக்கும், தூசியையும் பிடித்து வைத்துக்கொள்ளும்.

இரண்டாம் படி: கழுவுவது

முதலில் இலை, மண் எல்லாவற்றையும் கையாலும் வேக்யூமாலும் எடுங்கள். கதவுகளின் அடி விளிம்பில் தண்ணீர் வடியச் சின்னச் சின்ன ஓட்டைகள் இருக்கும். மண் அடைத்திருக்கும். மெல்லிய கம்பியை விட்டுத் திறந்துவிடுங்கள். நான் ஒரு கதவில் கம்பியைச் செருகியதும் அரை டம்ளர் செந்தண்ணீர் கொட்டியது. கதவுகள் அடியிலிருந்து அழுகுவதற்கு இதுதான் காரணம்.

பிறகு நிறையத் தண்ணீர் ஊற்றி ஊறவிடுங்கள். காய்ந்த மண் இருக்கும்போது துணி வைத்துத் தேய்த்தால் அது உப்புத்தாள் போட்ட மாதிரி. ஒரு பக்கெட்டில் ஷாம்பு, இன்னொன்றில் வெறும் தண்ணீர். ஒவ்வொரு முறையும் துணியை வெறும் தண்ணீரில் அலசிவிட்டு ஷாம்புவில் முக்குங்கள். மேலிருந்து கீழே. வீலுக்குத் தனித் துணி. பாத்திரம் தேய்க்கும் நாரை வண்டிப் பக்கமே கொண்டுவராதீர்கள்.

பறவை எச்சமும் மரப்பிசினும் உடனே வராது. ஈரத்துணியை அதன் மேல் பத்து நிமிடம் போட்டு வைத்தால் இளகும். பிசினுக்கு மண்ணெண்ணெய் தோய்த்த துணியால் மெல்லத் துடைத்துவிட்டு உடனே ஷாம்பு போடுங்கள். போர் தண்ணீர் காய்ந்து நின்ற வெள்ளைப் புள்ளிகளுக்கு, வினிகரும் தண்ணீரும் சரிபாதி கலந்து துடைத்து, நன்றாக அலசுங்கள்.

கழுவிய பிறகு ஒரு பிளாஸ்டிக் கவரைக் கையில் மாட்டிக்கொண்டு பானெட்டைத் தடவிப் பாருங்கள். கண்ணுக்குச் சுத்தமாகத் தெரிகிற இடம் கைக்கு ரவை கொட்டிய மாதிரி இருக்கும். பெயின்டில் ஒட்டிய இரும்புத் தூசி, பிசின், பழைய ஓவர்ஸ்ப்ரே (எங்கோ அடித்த பெயின்ட் பறந்து வந்து படிந்தது). கிளே பாரைத் தட்டையாக்கி, ஷாம்பு தண்ணீரைத் தெளித்து, அழுத்தாமல் ஓட்டுங்கள். 'சர சர' என்ற சத்தம் நின்று கை வழுக்கினால் அந்த இடம் முடிந்தது. கிளே கீழே விழுந்தால் எடுத்து உபயோகிக்காதீர்கள், அதில் ஒட்டிய மணல் வண்டி முழுக்கக் கோடு போடும்.

மூன்றாம் படி: காம்பவுண்ட்

பலன் அதிகம் தெரிவது இதில்தான். முதலில் உங்கள் பெயின்ட் எந்த வகை என்று பாருங்கள். ஓரமான இடத்தில் வெள்ளைத் துணியில் (வெள்ளை வண்டியானால் கறுப்புத் துணியில்) சிறிது காம்பவுண்ட் எடுத்துத் தேயுங்கள். வண்டியின் நிறம் துணியில் வந்தால் மேலே கிளியர் கோட் (நிறத்தின் மேல் போடும் நிறமில்லாத பூச்சு) இல்லை, நிறமே மேல்பரப்பு. நிறம் வரவில்லையென்றால் கிளியர் கோட் இருக்கிறது. மெட்டாலிக் நிறங்கள் பொதுவாக இந்த இரண்டாம் வகை.

கிளியர் இல்லாத பெயின்ட் மங்கினால் மீட்பது சுலபம். மேலே செத்த ஒரு படலம் மட்டும் சுண்ணாம்பாகியிருக்கும், அதை எடுத்தால் அடியில் நல்ல நிறம். கிளியர் கோட் வெயிலில் வெந்து தோல் உரிகிற மாதிரி வெள்ளையாகச் செதில் விட்டிருந்தால் எந்தக் காம்பவுண்டாலும் திரும்பாது. அந்தப் பகுதிக்குப் பெயின்ட்தான். இதை முன்கூட்டியே தெரிந்துகொண்டால் ஒரு வாரம் வீணாகாது.

கம்பெனி பெயின்ட் ப்ரைமரோடு சேர்த்தே சுமார் 100 மைக்ரான்தான், ஒரு ஏ4 தாளின் தடிமன். அதில் மேல் அடுக்கு பாதிகூட இருக்காது. ஒவ்வொரு முறை காம்பவுண்ட் போடும்போதும் அதிலிருந்து கொஞ்சம் போகிறது என்பது மனதில் இருக்கட்டும்.

ரப்பர் பீடிங், பிளாஸ்டிக், எம்ப்ளம் எல்லாவற்றிலும் மாஸ்கிங் டேப் ஒட்டுங்கள். பானெட்டை நாலாகப் பிரித்துக்கொண்டு ஒரு பங்கை முடித்த பிறகே அடுத்தது. ஈரமான ஃபோம் பேடில் நாலைந்து துளி காம்பவுண்ட். கையால் என்றால் குறுக்கும் நெடுக்குமாக ஐந்து நிமிடம். மிஷின் வாங்கினால் வட்டமும் ஆட்டமும் சேர்ந்த டி.ஏ. பாலிஷர் வாங்குங்கள். ரோட்டரி வேகமானது, பழகாத கையில் ஒரு நொடியில் ஓரத்துப் பெயின்டை எரித்துவிடும். பானெட்டின் மடிப்பு, கதவின் விளிம்பு இரண்டிலும் பெயின்ட் மிக மெல்லிசு. அங்கே மிஷினைக் காட்டாமல் கையால் ஒரு தடவை துடையுங்கள்.

முதல் கால் பானெட் முடிந்ததும் நான் டேப்பை உரித்தேன். ஒரு பக்கம் பழைய பல்லின் மஞ்சள், இந்தப் பக்கம் இளநீர் வழுக்கை மாதிரி வெள்ளை. நடுவில் ஸ்கேல் வைத்துப் போட்ட கோடு. முழு பெயின்ட் எண்ணத்தை நான் விட்டது அந்த நிமிடம்தான்.

காம்பவுண்டுக்குப் பிறகு மென்மையான பாலிஷ் ஒரு சுற்று. வாக்ஸ் இப்போது வேண்டாம். வாக்ஸ் போட்ட தகட்டில் பெயின்ட் ஒட்டாது.

நான்காம் படி: துருவும் பட்டியும்

பெயின்ட் கொப்பளித்த இடத்தைச் சுரண்டினால் துரு நீங்கள் நினைத்ததைப் போல இரண்டு மடங்கு பரவியிருக்கும். கம்பி பிரஷ்ஷால் பளபளக்கும் இரும்பு தெரியும்வரை எடுங்கள். சுற்றிலும் ஒரு அங்குலம் நல்ல பெயின்டையும் சேர்த்து 80 நம்பரால் தேய்த்துச் சரிவாக்குங்கள். ஊசிமுனைக் குழிகளுக்குள் ஒளிந்திருக்கும் துருவுக்கு ரஸ்ட் கன்வர்ட்டர். கறுத்துக் காய்ந்ததும் டப்பாவில் சொன்ன நேரம் காத்திருந்து, எபாக்ஸி ப்ரைமர். வெறும் இரும்பை ஒரு இரவுகூட விடாதீர்கள். திருவொற்றியூர்க் கடற்காற்றில் காலையில் பார்த்தால் மஞ்சள் பூத்திருக்கும்.

ஒடுக்கு இருந்தால் பட்டிக்கு முன் அதை உள்ளிருந்து தள்ளியோ தட்டியோ முடிந்த அளவு எழுப்புங்கள். பட்டி 3 மி.மீ.க்கு மேல் நிற்கக் கூடாது. முன் ஃபெண்டர் கசங்கியிருந்தால் பட்டி பார்க்கவே வேண்டாம், புதுப்பேட்டையில் பழைய ஃபெண்டர் ஒன்றை வாங்கி மாட்டுங்கள். பிளாஸ்டிக் பம்பரில் உள்ள ஒடுக்குக்குக் கொதிக்கும் தண்ணீரை ஊற்றி, கனத்த கையுறை போட்டு உள்ளிருந்து அழுத்தினால் பெரும்பாலும் 'டப்' என்று வெளியே வந்துவிடும்.

எலுமிச்சம்பழம் அளவு பட்டிக்குக் கொண்டைக்கடலை அளவு ஹார்டனர். எடைக்கணக்கில் சுமார் 2 சதவீதம். நிறக்கோடு எதுவும் தெரியாதபடி கலக்குங்கள். ஹார்டனர் அதிகமானால் மேல்பெயின்டில் கறையாக ஊறி வெளியே தெரியும். நம் வெயிலில் நாலு நிமிடத்தில் இறுகிவிடும், அதனால் கொஞ்சம் கொஞ்சமாகக் கலக்குங்கள். எபாக்ஸி ப்ரைமர் காய்ந்து, அதை 80 அல்லது 180 நம்பரால் தேய்த்த பரப்பின் மேல் மெல்லிசாக இரண்டு மூன்று தடவை போடுங்கள்.

நான் செய்த தவறை இங்கே சொல்லியாக வேண்டும். பின் வீல் ஆர்ச்சில் பட்டி வைத்து, தண்ணீர் ஊற்றி வாட்டர் பேப்பரால் தேய்த்தேன். தூசி பறக்காது, வழவழப்பும் சீக்கிரம் வந்தது. அன்றே ப்ரைமர், மறுநாள் பெயின்ட். ஐப்பசி மழை முடிந்ததும் அந்த இடம் முழுக்கக் கடுகு அளவுக் கொப்புளங்கள். பட்டி கண்ணுக்குக் கல் மாதிரி தெரிந்தாலும் நீரை உறிஞ்சும் பொருள். உறிஞ்சிய நீர் அடியில் இரும்பைத் துருவாக்கி, மேலே பெயின்டைத் தூக்குகிறது. முழுவதும் சுரண்டி மறுபடி செய்தேன். பட்டியை எப்போதும் உலர்வாகவே தேயுங்கள். தண்ணீர் ப்ரைமருக்கு மேலேதான்.

தேய்ப்பது 80-ல் ஆரம்பித்து 180, 320. எப்போதும் கட்டை வைத்துத்தான். விரலால் தேய்த்தால் விரல் அகலத்துக்குப் பள்ளம் விழும். சமமாகிவிட்டதா என்று நான் தலையைச் சாய்த்துச் சாய்த்துப் பார்த்துக்கொண்டிருந்தபோது, எங்கள் தெருமுனையில் ஷெட் வைத்திருக்கும் டிங்கர் அண்ணன் வந்து நின்றார்.

"கண்ணால பாக்காத தம்பி. கண்ண மூடிக்கிட்டுக் கைய ஓட்டு."

"ஒண்ணும் தெரியலயேண்ணே."

"மெல்லிசா ஒரு துணிய வச்சு ஓட்டு. விரலால இல்ல, உள்ளங்கையால. நல்ல எடத்துல ஆரம்பிச்சு நல்ல எடத்துல முடி."

அப்படிச் செய்ததும் பத்து ரூபாய் நாணயம் அளவுக்கு ஒரு மேடு கைக்குத் தெரிந்தது. கண் அதுவரை காட்டவே இல்லை. இன்னொரு வழியும் உண்டு. கறுப்பு ஸ்ப்ரேயைத் தூரத்திலிருந்து தூசி மாதிரி அடித்துக் காயவிட்டுத் தேயுங்கள். கறுப்பு நிற்கிற இடம் பள்ளம்.

ஐந்தாம் படி: தேவையான இடத்துக்கு மட்டும் பெயின்ட்

நிறத்தை மேட்ச் செய்ய பெயின்ட் கடைக்குப் போவது காம்பவுண்ட் போட்ட பிறகுதான் இருக்க வேண்டும். மங்கிய நிறத்துக்கு மேட்ச் செய்தால் பாலிஷ் போட்டதும் ஒட்டுப்போட்ட மாதிரி தெரியும். வண்டியையே ஓட்டிக்கொண்டு போவது உத்தமம். கடைக்காரர் கலந்து தருவதை ஸ்ப்ரே கேனில் நிரப்பித் தரும் கடைகளும் இருக்கின்றன.

பட்டியின் மேல் ப்ரைமர் இரண்டு மூன்று கோட். நன்றாகக் காய்ந்ததும் 600, பிறகு 1000 நம்பரில், இப்போது தண்ணீர் விட்டு. சுத்தமாகத் துடைத்து, காயவைத்து, மாஸ்கிங். முடிந்தவரை கதவின் இடைவெளி, பாடி கோடு என்று இயல்பாக முடியும் இடம்வரை அடியுங்கள். நடுத்தகட்டில் முடிக்க வேண்டியிருந்தால் டேப்பை ஒட்டி அழுத்தாமல் பின்பக்கமாக மடித்து விடுங்கள், ஓரத்தில் வரப்பு விழாது.

கேனை இரண்டு நிமிடம் குலுக்குங்கள். அரைவாளி வெதுவெதுப்பான தண்ணீரில் கொஞ்ச நேரம் நிற்கவைத்தால் தூவல் மென்மையாக வரும், சூடான தண்ணீர் கூடாது. தகட்டிலிருந்து ஒரு சாண் தூரம். தகட்டுக்கு வெளியே ஆரம்பித்து வெளியே முடியுங்கள். முதல் கோட் அடியில் உள்ள ப்ரைமர் தெரிகிற மாதிரி மெல்லிசாக இருக்கட்டும். பத்து நிமிடம் விட்டு அடுத்தது. நாலைந்து மெல்லிய கோட் போட்டால் ஒழுகாது. ஒரே கோட்டில் மூட நினைத்தால் நிச்சயம் ஒழுகும்.

மழைக்காலம் வேண்டாம் என்றேனே, காரணம் இதுதான். தின்னர் ஆவியாகும்போது தகடு குளிர்ந்து, காற்றில் உள்ள ஈரம் பெயின்ட் மேல் படிகிறது. பளபளப்பு போய்ப் பால் படிந்த மாதிரி வெளுக்கும்.

வாசலில் அடிக்கும்போது காஸ் அடுப்பு, பூஜை விளக்கு, பீடி எதுவும் பக்கத்தில் எரியக் கூடாது. குழந்தைகளையும் அக்கம்பக்கத்தில் காயும் துணியையும் உள்ளே அனுப்பிவிடுங்கள். ஹார்டனர் கலந்து அடிக்கும் டூ-கே பெயின்டை வீட்டில் அடிக்க வேண்டாம். அதில் உள்ள ஐசோசயனேட் நுரையீரலைக் கெடுக்கும், ஆஸ்துமாவைக் கொண்டுவரும். கிளியர் கோட் தேவைப்படும் மெட்டாலிக் பானெட்டை, எல்லா முன்வேலையும் நீங்களே முடித்துவிட்டு, பெயின்ட் அடிக்கத் தனி அறை (பூத்) வைத்திருக்கும் ஷெட்டில் கொடுங்கள். கூலியில் பாதிக்கு மேல் அந்த முன்வேலைக்குத்தான் கேட்பார்கள், அது உங்களுக்கு மிச்சம்.

இரண்டு மூன்று நாள் விட்டு, 2000 நம்பர் வாட்டர் பேப்பரை அரைமணி நேரம் ஊறவைத்து, ஷாம்பு தண்ணீர் விட்டு மெல்லத் தேய்த்து, காம்பவுண்ட் போட்டால் புதுப் பெயின்டும் பழையதும் ஒன்றாகக் கலக்கும். புதுப் பெயின்ட் மேல் ஒரு மாதத்துக்கு வாக்ஸ் வேண்டாம்.

மிச்சம் மீதி

ஹெட்லைட் மங்கியிருந்தால் நகத்தால் தட்டிப் பாருங்கள். கண்ணாடியானால் பேப்பர் போடாதீர்கள், மங்கல் உள்ளே ரிஃப்ளெக்டரில்தான் இருக்கும். பிளாஸ்டிக்கானால் 1000, 2000, முடிந்தால் 3000 என்று தண்ணீர் விட்டுத் தேய்த்து, காம்பவுண்ட் போட்டு, கடைசியில் யு.வி. தாங்கும் கிளியர் அடிக்க வேண்டும். அந்தக் கடைசி வேலையை விட்டால் சில மாதங்களில் மறுபடி மஞ்சள்.

வெளுத்த கறுப்பு பம்பரை ஷாம்பு போட்டு பிரஷ்ஷால் தேய்த்து, ஐ.பி.ஏ. (ஐசோப்ரொப்பைல் ஆல்கஹால்) கொண்டு துடைத்து, பிளாஸ்டிக் ப்ரைமரும் மேட் கறுப்பும் அடித்தேன். பாலிஷ் போட்டுக் கறுப்பாக்கினால் இரண்டு மழைக்கு நிற்காது. கதவு ரப்பருக்கு மருந்துக்கடைக் கிளிசரின் தடவினால் மென்மை திரும்பும். வெடித்த ரப்பருக்குப் புதுசுதான். முன் கண்ணாடியில் வினிகருக்கும் போகாத உப்புக்கறைக்குச் சீரியம் ஆக்சைடு பவுடரைத் தண்ணீரில் குழைத்துத் தேய்க்கலாம்.

வீலைக் கழற்றும்போது ஜாக்கியை மட்டும் நம்பாமல் ஸ்டாண்ட் வையுங்கள். 12 அங்குல இரும்பு வீலை கம்பி பிரஷ்ஷால் தேய்த்து ப்ரைமர், சில்வர் அடித்தால் வண்டியின் வயது பாதியாகத் தெரியும். அப்போதே டயரின் பக்கவாட்டில் உள்ள நாலு இலக்கத்தையும் படியுங்கள். 2314 என்றிருந்தால் 2014-ஆம் ஆண்டின் 23-வது வாரத்தில் செய்தது. பட்டன் (டயரின் மேடு) நிறைய இருந்தாலும் அந்த டயரை மாற்றுங்கள்.

எல்லாம் மாட்டியாகிவிட்டதென்றால், நிழலில், குளிர்ந்த தகட்டில், வாக்ஸை மெல்லிசாகத் தடவிப் பனி மாதிரி காய்ந்ததும் துடையுங்கள். மூன்று மாதத்துக்கு ஒரு தடவை போதும். மரத்தடியில் நிறுத்த வேண்டாம். வழியில்லையென்றால் காற்றுப் புகும் கவர் போடுங்கள், பிளாஸ்டிக் கவர் ஈரத்தை உள்ளேயே பூட்டி வைக்கும். வருடா வருடம் புரட்டாசியில், மழை பிடிக்கும் முன், அதே மெல்லிய கம்பியை எடுத்துக் கதவு ஓட்டைகளையும் வைப்பர் பள்ளத்தையும் ஒருமுறை திறந்துவிட்டு, கார்பெட்டுக்கு அடியில் கையை விட்டுப் பார்த்துவிடுங்கள்.